சிவப்புக் கயிறு கட்டிய பாட்டில்

வெள்ளிக்கிழமை ராகு காலத்தில் துர்க்கைக்கு எலுமிச்சை விளக்குப் போடுகிற வழக்கம் எனக்குப் பல வருஷமாக உண்டு. மகளுக்குக் கல்யாணம் தள்ளிக்கொண்டே போனபோது வேண்டிக்கொண்டு ஆரம்பித்தது. அவள் இப்போது காட்டுப்பாக்கத்தில் குடித்தனம் செய்து இரண்டு பிள்ளையும் பெற்றுவிட்டாள். நான் நிறுத்தவில்லை. கேட்டது கிடைத்தவுடன் நிறுத்திவிட்டால் அம்பாள் என்னைப் பற்றி என்ன நினைப்பாள் என்று ஒரு கூச்சம்.

பழத்தை இரண்டாக நறுக்கிச் சாற்றைப் பிழிந்துவிட வேண்டும். பிறகு மூடியை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரித் திருப்பினால் சின்னக் கிண்ணம் போல் நிற்கும். அதில் நெய் விட்டுத் திரி போட்டு ஏற்றுவோம். ஆக விளக்குக்கு வேண்டியது தோல்தான், சாறு இல்லை. எங்கள் திருமுல்லைவாயில் கோயிலில் வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு உட்கார்ந்து பிழிகிற பெண்கள் இருபது பேராவது இருப்போம். அத்தனை சாறும் குழாயடிச் சாக்கடையில் போகும். எனக்கு ஒவ்வொரு வாரமும் மனசு அடித்துக்கொள்ளும். சாப்பாட்டுச் சாமானைக் கொட்டுவது வீட்டுக்கு ஆகாது என்று வளர்ந்தவள் நான்.

அந்தச் சாறு எங்கே போய் முடிந்தது என்பதைத்தான் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். 

எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகள். என் வீட்டுக்காரர் ஆவடியில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் போன பிறகு மாடி சும்மா கிடந்தது. "பொம்பளப் பிள்ளைங்களுக்கே விடுவோம். ஊடு மாதிரி இருக்கும்" என்றார். அப்படி வந்தவர்கள் மூன்று மாணவிகள். மூவரும் ஒரே பல்கலைக்கழகம். அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரைச் சொன்னாலே எதிரில் இருப்பவர் ஒரு மாதிரிச் சிரிப்பார்.

கோயில் வாசலில் பூக்கடை வைத்திருப்பவள் அன்றைக்கே சொன்னாள்.

"இன்னாக்கா, அந்தக் காலேஜ் பொண்ணுங்களுக்கா ஊடு உட்டுக்கீற? அது படிக்கிற எடமா? ஆட்டம் போடுற எடம்க்கா. என் கொழுந்தன் அங்க பஸ் ஓட்றான். வாரத்துல நாலு நாளு கச்சேரி, மூணு நாளு லீவாம்."

"உன் கொழுந்தன் சொல்றதுல பாதிதான் நெசமா இருக்கும்."

"சரி, அப்ப ரெண்டு நாளு கச்சேரின்னு வச்சிக்கோ."

நானும் சிரித்தேன். எட்டாவதோடு நின்றவளுக்குக் காலேஜ் என்றால் எல்லாம் ஒன்றுதான். பெரிய கட்டடம், நிறையப் புத்தகம், கண்ணாடி போட்ட வாத்தியார்கள். ஒரு காலேஜுக்கும் இன்னொரு காலேஜுக்கும் என்ன வித்தியாசம் இருந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

மூவரில் இரண்டு பேர் காரில் வந்து இறங்கினார்கள். மூன்றாவது பெண் அரூர் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்தாள். ஒரு பெரிய பை, ஒரு பிளாஸ்டிக் பக்கெட், கூடவே அவள் அம்மா. அந்த அம்மா மாடியைப் பார்க்கவே இல்லை. நேராக என் சாமி அலமாரி முன்னால் வந்து நின்றாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, நான் இவள மாடியில விடல. இந்த வௌக்குகிட்ட விட்டுட்டுப் போறேன். சின்னதோ பெருசோ, எதுவா இருந்தாலும் மொதல்ல எனக்குப் போன் போடணும். அவங்கப்பா காதுக்கு வேற பக்கத்துல இருந்து ஒரு பேச்சு போச்சுன்னா அன்னிக்கே வந்து கூட்டிட்டுப் போயிடுவாரு. போயி அவரு அக்கா மவனுக்குக் கட்டி வச்சிடுவாரு. படிப்பு அத்தோட போச்சு."

"அவ்ளோ கோவக்காரரா?"

"சேச்சே, தங்கமான மனுசன்கா. பொண்ணுன்னா உசுரு. மானம் மரியாத பாக்குறவரு, அவ்ளோதான். காடு உண்டு, கோயில் உண்டுன்னு இருக்கற ஆளு."

என் கையை விளக்குக்கு மேலே கொண்டுபோனாள். சூடு உள்ளங்கையில் ஏறியது. "போன் போடுறேன்" என்று சத்தியம் செய்தேன். அந்தப் பெண் ஓரத்தில் நின்று பக்கெட்டின் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

காரில் வந்த இருவருக்கும் நான் 'ஆன்ட்டி'. இவளுக்கு மட்டும் 'பெரியம்மா'. அவள் அம்மா என்னை அக்கா என்று கூப்பிட்டதால் அப்படி வைத்துக்கொண்டாள். காலையில் கோலம் போடும்போது வந்து நிற்பாள். மோட்டார் போட மறந்தால் அவளே போடுவாள். முதல் வருஷம் முழுக்க அவள் முகம் சரியாக இல்லை. மற்ற இரண்டு பேரும் யாரோ ஒருவரின் காரில் ஏறிப் போவார்கள், இவள் ரயிலுக்கு நடந்து போவாள். "அவங்ககூடப் போகலியா?" என்று ஒருநாள் கேட்டேன். "இடம் இல்ல பெரியம்மா" என்றாள். நான் காரில் இடம் இல்லை என்றே எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை நான் கோயிலிலிருந்து வந்து கை கழுவும்போது கேட்டாள்.

"எலுமிச்ச வாசனை வருதே. அந்தச் சாறெல்லாம் என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்றது? கொட்டிடுவோம்."

"ஐயோ, கொட்டாதீங்க பெரியம்மா. எனக்குக் குடுங்க. காலேஜ்ல ஜூஸ் போட்டுக் குடுப்பேன். எல்லாம் வெயில்ல சுத்திட்டு வந்து கெடக்குதுங்க."

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இத்தனை வருஷம் மனசை உறுத்தியதற்கு அம்பாளே வழி காட்டிவிட்டாள் என்று நினைத்தேன். ஆனாலும் கோயில் சம்பந்தப்பட்டதாயிற்றே என்று குருக்களிடம் ஒரு வார்த்தை கேட்டேன். "நைவேத்தியம் பண்ணினது இல்லையேம்மா அது. குழந்தைகள் குடிக்கட்டும், நல்லதுதான்" என்றார்.

பழைய ரோஸ்மில்க் கண்ணாடி பாட்டில் ஒன்று இருந்தது. வெந்நீர் விட்டுக் கழுவினேன். விளக்கெண்ணெய் பாட்டிலோடு கலந்துவிடக் கூடாதே என்று கழுத்தில் கோயில் சிவப்புக் கயிற்றைக் கட்டி, வயிற்றில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தேன். துர்க்கை சந்நிதியில் எல்லாப் பெண்களிடமும் சொன்னேன். "படிக்கிற பிள்ளைங்களுக்கு. இதுல புழியுங்க."

அவ்வளவுதான். போட்டி போட்டுக்கொண்டு பிழிந்தார்கள். சாறு நிறைய வருகிற மெல்லிய தோல் பழமாகப் பார்த்து வாங்கி வர ஆரம்பித்தார்கள். மருமகளோடு பேச்சுவார்த்தை இல்லாத ஒரு அம்மா "யார் வயிறோ குளிரட்டும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பிழிவாள். பூக்காரி எட்டிப் பார்த்துச் சொல்வாள், "நல்லா புழியுங்கக்கா. பொண்ணுங்கோ கலெக்டர் ஆவட்டும்."

வாரா வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாட்டில் மாடிக்குப் போகும். வியாழக்கிழமை காலியாகக் கீழே வரும். பளிச்சென்று கழுவி, கயிறும் பொட்டும் அழியாமல் கொண்டுவந்து வைப்பாள். இந்தக் காலத்துப் பெண்ணுக்கு இவ்வளவு பொறுப்பா என்று மெச்சிக்கொள்வேன். அப்புறம் அவளும் காரில் போக ஆரம்பித்தாள். இடம் கிடைத்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். வெள்ளி சனிகளில் சில நாள் நேரமாகிவிடும். "ப்ராஜெக்ட் பெரியம்மா" என்பாள். ப்ராஜெக்ட் என்றால் என்னவென்று தெரியாத நான் தலையை ஆட்டுவேன்.

மூன்றாம் வருஷம் பொங்கலுக்கு அவள் படிக்கும் இடத்துக்கு ஒருமுறை போனேன். பொங்கல் விழா, வீட்டுப் பெரியவர்கள் வரலாம் என்று அழைத்தாள். பட்டுப்புடவை கட்டி, கையில் ஒரு பொட்டலம் பச்சரிசியும் எடுத்துக்கொண்டு போனேன். வெறுங்கையோடு பொங்கலுக்குப் போகக் கூடாதே.

உள்ளே நுழையும்போதே நெஞ்சில் இடி விழுகிற மாதிரிப் பாட்டு. ஆள் உயரத்துக்குப் பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர். பட்டுப்பாவாடையும் வேட்டியும் கட்டின பிள்ளைகள் ஆயிரம் பேர் இருக்கும், எல்லாம் ஒரே குதியாகக் குதிக்கிறது. வேட்டி அவிழ்ந்துவிடுமே என்று எனக்குப் பதறுகிறது. அவிழ்ந்தவனைப் பார்த்து மற்றவன் விசில் அடிக்கிறான். ஒரு பெண் பையன் தோள் மேல் உட்கார்ந்து கையை வீசிக்கொண்டிருந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திருப்பிய பக்கத்திலும் அதேதான்.

ஓரத்தில் காஸ் அடுப்பில் பானை. மஞ்சள்கொத்து கட்டி, அழகாகத்தான் வைத்திருந்தார்கள். யாரும் பார்க்கவில்லை. நான் அதன் எதிரில் போய் நின்றேன். பால் நுரைத்து மேலே வந்தது. ஒரு பிள்ளைகூடத் திரும்பவில்லை. பானை பொங்கி அடுப்பில் வழிகிறது, ஆயிரம் பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறந்து சொல்ல ஆள் இல்லை. எனக்கோ கத்த வெட்கம். அப்போது எங்கிருந்தோ ஓடிவந்து என் பக்கத்தில் நின்று "பொங்கலோ பொங்கல்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள் அந்தப் பெண். அவள் குரல் எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நம்ம பொண்ணு மட்டும் அந்தச் சேத்துல ஒட்டல." அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "மத்த நேரமெல்லாம் பக்கத்துல நின்னு பாத்தியா?" என்றார். எனக்குக் கோபம் வந்தது.

அது ஜனவரி. மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை.

துர்க்கை சந்நிதிக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்து பிழிந்துகொண்டிருந்தோம். பாட்டில் நடுவில் இருந்தது. பாதி நிரம்பியிருந்தது. பூக்காரி வாசலிலிருந்து போனைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். பூக்கட்டிக்கொண்டே அவள் போனில் ஏதாவது தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"அக்கோவ், இத்தப் பாரேன். என் கொழுந்தன் அனுப்பிக்கீறான். அந்தக் காலேஜ் பசங்கதான். இன்னா கூத்து அடிக்குதுங்கோ பாரு."

"எனக்கெதுக்குடி அதெல்லாம், கோயில்ல வச்சு."

"அட, ஒரு தபா பாருக்கா."

பார்த்தேன். பட்டப்பகல். ஏதோ தோட்டத்து வீடு, நடுவில் நீச்சல் குளம். மேசை முழுக்க விதவிதமான பாட்டில்கள். என்ன பாட்டில் என்று எனக்கே தெரிந்தது. கால் சட்டையும் கையில்லாத சட்டையுமாகப் பெண் பிள்ளைகள், பையன்கள், தண்ணீருக்குள் பாதி, வெளியே பாதி. எல்லோரும் வட்டமாக நின்று கை தட்டுகிறார்கள். "ஊத்து! ஊத்து! ஊத்து!" என்று ஒரே கூச்சல். வட்டத்துக்கு நடுவில் ஒரு பெண் தலை நிற்காமல் நாற்காலியில் சாய்ந்திருக்கிறாள். இன்னொருத்தி அவள் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, வாயில் எதையோ ஊற்றுகிறாள்.

ஊற்றுகிற கையில் கண்ணாடி பாட்டில். கழுத்தில் சிவப்புக் கயிறு. வயிற்றில் பொட்டு.

பக்கத்தில் எட்டிப் பார்த்த அம்மா தொடையில் அடித்துக்கொண்டாள். "அடியே, இது நம்ம பாட்டில்டி!"

நான் பாட்டிலைப் பார்க்கவில்லை. அதைப் பிடித்திருந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரூர்ப் பெண். முடியை உச்சியில் சுருட்டிக் கட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு, மும்முரமாக ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பாட்டில்தான் எங்கள் நடுவில், எங்கள் கையால் பிழிந்த சாற்றோடு, அம்பாள் எதிரில் உட்கார்ந்திருந்தது. இருபது பேரும் கையை எடுத்துவிட்டோம். பாம்பைப் பார்த்த மாதிரி எல்லோரும் கொஞ்சம் பின்னால் நகர்ந்துகூட உட்கார்ந்தார்கள்.

"ஒன்ற வருசமா சாராயத்துக்கா புழிஞ்சு குடுத்தோம்?"

"ராகு காலத்துல! துர்க்க முன்னாடி!"

"கலெக்டர் ஆவும்னியேடி" என்று ஒருத்தி பூக்காரியைப் பார்த்தாள்.  பூக்காரி என் தோளைத் தொட்டு, "நீ இன்னாக்கா பண்ணுவே, உனுக்குத் தெரியுமா? போன் போட்டு அவுங்க அம்மாகிட்ட சொல்டு. பொண்ணு கெட்டுக்கினு கீதுன்னு சொல்டு" என்றாள்.

அன்றைக்கு விளக்குப் போட்டேனா, வலம் வந்தேனா, நினைவில்லை. பாட்டிலைக் கொட்டவும் மனசில்லை, வைத்துவிட்டு வரவும் மனசில்லை. புடவைத் தலைப்பில் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். சாமி அலமாரியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளங்கையில் அன்றைய சூடு அப்படியே இருக்கிற மாதிரி இருந்தது. போனை எடுத்து அரூருக்குப் போட்டேன்.

"அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..." என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். கையைக் காட்டி நிறுத்திவிட்டேன்.

பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன்.  "இருக்கியாம்மா?" என்றேன். "இருக்கேன்கா. அவருகிட்ட உறவுல ஒரு சாவுன்னு சொல்லிட்டு வரேன். காலையில அங்க இருப்பேன்" என்று வைத்துவிட்டாள்.

சாயங்காலம் நாலரை மணிக்கு அந்தப் பெண் எப்போதும் போல வந்து கதவருகில் நின்றாள்.

"பெரியம்மா, பாட்டில்?"

 "பாட்டிலா? கோயில் பாட்டில எவ வாயில ஊத்தினே நீ? படிக்கிற பிள்ளைன்னு நம்பி ஊரக் கூட்டிப் புழிய வச்சேனே!"

அவள் முகம் வெளுத்தது. "வீடியோ பாத்தீங்களா? பெரியம்மா, அது வந்து..."

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லாத. உங்கம்மா காலையில வராங்க. அவங்ககிட்ட சொல்லு."

"அம்மாகிட்டயா சொன்னீங்க?" கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.  "என்னக் கேட்டிருக்கலாம் பெரியம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள்.

மறுநாள் விடியும்போதே அந்த அம்மா வந்துவிட்டாள். பூந்தமல்லியில் இறங்கி முதல் டவுன் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறாள். காபி வேண்டாம் என்றாள். "நீங்களும் வாங்கக்கா. நீங்க பாத்தவங்க, நீங்க இருக்கணும்" என்று என்னையும் மாடிக்கு அழைத்துப் போனாள். மற்ற இரண்டு பெண்களும் சத்தமில்லாமல் அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அந்த அம்மா மகளைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து பெரிய பையை இழுத்து, கொடியில் கிடந்த துணிகளை எடுத்து மடித்து மடித்து உள்ளே வைக்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்ததும்தான் நான் செய்த காரியம் எனக்கே உறைத்தது. இன்னும் ஒரு வருஷப் படிப்பு அந்தப் பைக்குள் போய்க்கொண்டிருந்தது.

"குடிச்சியா?" என்று துணியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஒரு தடவ. மொத வருசம்."

"ஒரு தடவதானா?"

"வாயில வச்சதும் அப்பா வாசன வந்துச்சு. துப்பிட்டேன்."

எனக்குப் புரியவில்லை. அந்த அம்மாவின் கை ஒரு நொடி நின்று, மறுபடி மடித்தது.

"அப்புறம் எதுக்குடி அங்க போற?"

"போகலன்னா யாரும் பேச மாட்டாங்கம்மா. மொத வருசம் முழுக்கத் தனியாத்தான் உக்காந்தேன். என் இங்கிலீஷப் பேசிக் காமிச்சு சிரிப்பாங்க. ஒருநாளு, லைம் யாராவது கொண்டு வருவாங்களான்னு கேட்டாங்க. நான் கொண்டு வரேன்னேன். அதுல இருந்து கார்ல ஏத்திக்கிட்டாங்க." என் பக்கம் திரும்பினாள். "பொய் சொல்ல மாட்டேன் பெரியம்மா. பாதிச் சாறு அவங்க கலந்து குடிக்கத்தான் போச்சு. மொதல்ல அதுக்குத்தான் உங்ககிட்ட கேட்டேன்."

நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன்.

"மீதிப் பாதி?" என்றேன்.

"அந்தப் பொண்ணுக்கு ஊத்தினனே, அந்த மாதிரி கெடக்குறவங்களுக்கு. மட்டையாயிடுவாங்க. யாரும் தூக்க மாட்டாங்க, வீடியோதான் எடுப்பாங்க. பசங்க சில பேரு, நான் ரூம்ல விடுறேன், நான் விடுறேன்னு வருவாங்க. அன்னிக்கும் வந்தானுங்க. நான் விடல. சாறுல உப்பும் தண்ணியும் போட்டுக் குடுத்தா வாந்தி எடுத்துடுவாங்க. அப்புறம் மூஞ்சி கழுவி, நடக்க வச்சு, ஆட்டோவுல கூட்டிட்டு வந்துடுவேன். அதுல போத தெளியுமான்னுல்லாம் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது அதுதான்."

"யாருடி இதெல்லாம் உனக்குச் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டது நான்தான். கேட்டிருக்கக் கூடாது.

அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "அப்பாவுக்குப் பண்றதுதானே. தலைய ஒருக்களிச்சுப் புடிக்கணும், இல்லன்னா பொரை ஏறிடும். ஆறாவது படிக்கும்போதுல இருந்து நான்தானே பண்ணுவேன்."

அந்த அம்மாவின் கையில் ஒரு மஞ்சள் சுடிதார் இருந்தது. பாதி மடித்திருந்தாள். அதை அப்படியே மார்போடு வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். தங்கமான மனுசன், காடு உண்டு, கோயில் உண்டு என்று என் விளக்கு முன்னால் சொன்னவள். அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்க முடியாமல் ஜன்னலைப் பார்த்தேன். எதிர்வீட்டு மாடியில் யாரோ வடகம் காயவைத்துக்கொண்டிருந்தார்கள்.

முந்தின நாள் நீச்சல் குளத்தையும் பாட்டில்களையும் பார்த்தபோது இதைவிடப் பெரிய அதிர்ச்சி இனி என் வாழ்க்கையில் இல்லை என்று நினைத்தேன். அது ஒன்றுமே இல்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பெற்ற அப்பனின் தலையை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். அம்பாளே என்று வாய் விட்டுச் சொல்லிவிட்டேன்.

வெகுநேரம் கழித்து அந்த அம்மா எழுந்தாள். பையிலிருந்து துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பக் கொடியில் போட்டாள். மடித்ததையும் மடிக்காததையும் ஒரே மாதிரி போட்டாள். பையைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"படிச்சு முடி" என்றாள். "அங்க வராத. படிச்சு முடிச்சு, வேல தேடிட்டு, எங்கியாவது இரு. இங்க அக்காகிட்ட எங்க போறேன்னு சொல்லிட்டுப் போ. பொய் சொல்லிட்டுப் போகாத."

"சரிம்மா."

"அந்தக் கூட்டத்துக்குப் போகாதன்னு சொன்னா போகாம இருப்பியா?"

அவள் கொடியில் கோணலாகக் கிடந்த ஒரு துணியை நேராக இழுத்துவிட்டாள். அந்த அம்மாவும் மறுபடி கேட்கவில்லை.

அந்தக் காலேஜைப் பற்றி என் எண்ணம் மாறிவிட்டதா என்றால், இல்லை. பெண்பிள்ளை தலை தொங்கிக் கிடக்கும்போது கை தட்டிப் படம் எடுக்கிற கூட்டத்தை எந்தப் படிப்பு உண்டாக்கியது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. அங்கே இவள் போவதும் எனக்கு ஒப்பவில்லை. ஆனால் நான் விளக்கின் மேல் கைவைத்துச் செய்த சத்தியம் ஒன்று. அதைக் காப்பாற்றுகிற அவசரத்தில் கேட்க வேண்டியவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விட்டேனே, அது என்னை இன்னும் விடவில்லை. அம்பாள் முன்னால் நின்றால் முதலில் அதுதான் வாயில் வருகிறது.

மதியம் சாப்பிட வைத்தேன். அந்த அம்மா இரண்டு கவளம் சாப்பிட்டாள். அவர் எழுந்து தேடுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்றாள். எப்போது எழுவார் என்று நான் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்ட பிறகு திரும்பி வந்தாள்.

"அக்கா, நேத்து புழிஞ்ச சாறு... கொட்டிட்டீங்களா?"

"இல்லம்மா. ஃப்ரிட்ஜுல இருக்கு."

"குடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். பாட்டிலின் மேல் தண்ணீர் முத்து முத்தாகப் பூத்திருந்தது. பொட்டு லேசாகக் கரைந்து வழிந்தது. அவள் முந்தானையால் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி, துணிப்பைக்குள் நிமிர்த்தி வைத்தாள். "பாட்டில அடுத்த தடவ வரும்போது கொண்டாறேன்" என்றாள். நான் தலையை ஆட்டினேன். வாசல் வரை போனேன். அந்தப் பெண் பூந்தமல்லி வரை கூடப் போய் பஸ் ஏற்றிவிட்டு வருகிறேன் என்றதற்கும், வேண்டாம், படி என்று சொல்லிவிட்டுத் தனியாக நடந்தாள். பை சாயாமல் இருக்க அதை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள்.

சாயங்காலம் விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அலமாரிப் பக்கம் பார்த்தாள், சமையலறைப் பக்கம் பார்த்தாள்.

"பாட்டில கொட்டிட்டீங்களா பெரியம்மா?"

"உங்கம்மா எடுத்துட்டுப் போயிட்டாங்க."

அவள் அப்படியே கடைசிப் படியில் உட்கார்ந்தாள். வந்த மூன்று வருஷத்தில் அந்தப் பெண் அழுது நான் பார்த்ததில்லை. அப்போதும் அழவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"எவ்ளோ இருந்துச்சு?"

"பாதி பாட்டில் இருக்கும்."

"அப்பாவுக்குப் பத்தாது பெரியம்மா" என்றாள்.